சாண்ட்விச் செய்தவர்களுக்கு நன்றி

மாலக்கி டூஹி அயர்லாந்தில் கில்ப்ரான் தேவாலயப் பங்குக்காகப் பத்தொன்பது வருடம் கேலிக் என்கிற ஐரிஷ் கால்பந்து ஆடினார். பத்தொன்பது வருடமும் வலது மூலைக் காவலர். அவருக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: எதிரணியில் தன் பக்கம் நிற்கிற ஆளோடு ஒட்டிக்கொள்வது. அவன் ஓடினால் ஓடுவார், நின்றால் நிற்பார், அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினால் கட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே காத்திருப்பார். ஒருமுறை எதிராளிக்குக் கால் முறிந்து ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மாலக்கியும் கூட ஏறிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். கதவுவரைதான் போனார்.

முழங்கால் கைவிட்டபின் பயிற்சியாளரானார். முதலில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, பிறகு பதினாறு வயதினருக்கு, கடைசி எட்டு வருடமாகப் பெரியவர்கள் அணிக்கு. அந்த எட்டு வருடத்தில் கில்ப்ரான் மூன்று பிரிவு கீழே இறங்கியிருந்தது. அதற்குக் கீழே மாவட்டத்தில் பிரிவு இல்லாததால் நின்றது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதான ஓரத்தில் 'மேலாளர்' என்று ஐரிஷ் மொழியில் எழுதிய அந்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது, தமக்குப் பிறந்த நான்கு பிள்ளைகளைக் கையில் வாங்கியபோதுகூட வராத ஒரு நிமிர்வு மாலக்கிக்கு வரும். பனியனை அவரே துவைப்பார், அவரே இஸ்திரி போடுவார்.

கிளப்பின் நவம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் அந்தப் பனியன் இரண்டே ஓட்டில் தப்பியது. எதிர்த்துக் கை தூக்கியவர்களில் அவர் மனைவி அட்ராக்டாவும் ஒருவர்.

"எதுக்கு எனக்கு எதிரா கை தூக்கின?" என்று காரில் கேட்டார் மாலக்கி.

"முப்பத்தஞ்சு வருஷமா செவ்வாய், வியாழன், ஞாயிறு உன்னைக் கால்பந்துக்குத் தானம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது எனக்குன்னு கை தூக்கக் கூடாதா?"

"நான் தோத்திருந்தா?"

"ஒரு புருஷன் கிடைச்சிருப்பான்."

பங்கு மண்டபத்தில் செட் நடனம் கற்றுக்கொடுப்பவர் அட்ராக்டா. நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடுகிற அந்த நடனத்தில் மாவட்டத்தின் பாதிக் கால்கள் அவர் பழக்கிய கால்கள். புருஷனின் கால்கள் மட்டும் அதில் சேரவில்லை. கல்யாணத்தன்று மாலக்கிக்கு முழங்காலில் மாவுக்கட்டு. அதன்பிறகு எந்த விருந்தில் கூப்பிட்டாலும் "முழங்கால்" என்பார். அதே முழங்காலோடு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் மாவட்ட விளையாட்டுச் சங்கம் ஒரு புது உத்தரவு போட்டது. ஜனவரி முடியும்வரை எந்தப் பங்கின் அணியும் ஒன்றுகூடிப் பயிற்சி எடுக்கக் கூடாது. பையன்களின் உடம்புக்கு ஓய்வு வேண்டும். மீறினால் பயிற்சியாளருக்கு ஒரு வருடத் தடை. உத்தரவை எல்லாப் பங்கும் மரியாதையோடு வரவேற்று, மறுநாளே பயிற்சியைத் தொடங்கின. பக்கத்து ட்ரம்லீக்காரர்கள், தொலைந்துபோன ஆட்டைத் தேடுவதாகச் சொல்லி மூன்று வாரமாக மலைமேல் ஓடினார்கள். ஆடு முதல் நாளே கிடைத்துவிட்டது. மறுபடி தொலைத்தார்கள்.

மாலக்கி அவ்வளவு சிரமப்படவில்லை. செவ்வாய், வியாழன் ஆறு மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் விளக்கைப் பாதியாகக் குறைத்து, பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, இருபத்துநான்கு பேரையும் ஓடவிட்டார். விசில் ஊதவில்லை, இருமினார். ஒரு இருமல் என்றால் ஓடு, இரண்டு என்றால் நில். யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று. ஒரு வருடம் வெளியே நின்றால் அந்தப் பனியன் இன்னொருவர் தோளுக்குப் பழகிவிடும், திரும்பி வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாட்டிக்கொண்டது எதிரிகளால் அல்ல. கிளப் செயலாளர் இமெல்டாவின் நல்ல வளர்ப்பால்.

மாவட்ட வாரப் பத்திரிகையில் ஒவ்வொரு பங்குக்கும் அரைப் பத்தி உண்டு. இமெல்டா இருபது வருடமாக அதை எழுதுகிறார். அந்த வாரம் இப்படி எழுதியிருந்தார்: 'செவ்வாய் மாலை பெரியவர்கள் அணியின் பயிற்சிக்குப் பின் சாண்ட்விச், தேநீர், ஆப்பிள் கேக் தந்து உபசரித்த பெர்னி, மார்கரெட், கான்செப்டா ஆகியோருக்கு கிளப் மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறது. முட்டை சாண்ட்விச் மிகவும் பாராட்டப்பட்டது.'

மாலக்கி பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு இமெல்டாவின் வாசலுக்குப் போனார்.

"இமெல்டா, உனக்கு அறிவிருக்கா? தடை இருக்கிறப்ப பயிற்சின்னு பேப்பர்ல போடுவியா?"

"நன்றி போடாம இருக்கச் சொல்றியா?" இமெல்டாவின் முகம் வெளுத்துவிட்டது. "போன தடவை பெர்னி பேரு விட்டுப்போச்சு. ரெண்டு வருஷம் பூசையில சமாதானம் சொல்ல எனக்குக் கை குடுக்கல அவ. நீ எந்தத் தடைக்கு வேணா போ மாலக்கி, பெர்னி பேரு விடமுடியாது."

"நன்றி சொல்லு. பயிற்சின்னு எதுக்குச் சொல்ற?"

"பின்ன என்னன்னு எழுதறது? இருபத்திநாலு ஆம்பளைங்க ஒரே நேரத்துல வேர்த்து விறுவிறுத்து பசியோட வந்தாங்கன்னு எழுதவா? அது எப்படி இருக்கும்?"

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. ஃபின்டன் கில்ஹூலி, மாவட்டச் சங்கத்தின் ஒழுங்குக் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. இறுதி ஊர்வலத்திலும் உத்தரவு வாசிக்கிற குரல் அவருக்கு.

"மாலக்கி, பேப்பர் பாத்தேன். பயிற்சின்னு இருக்கு."

"இருக்கு," என்றார் மாலக்கி. எதிரே அட்ராக்டா தம் நடனச் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மாலக்கியின் வாய் தானாகப் பேசியது. "நடனப் பயிற்சி."

அந்தப் பக்கம் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"யாருக்கு?"

"பசங்களுக்குத்தான். சங்கத்தோட குளிர்காலக் கலைப்போட்டி இருக்கில்ல, அதுல செட் நடனத்துக்கு. அட்ராக்டாதான் சொல்லிக்குடுக்கறா."

அட்ராக்டாவின் கையில் பிரஷ் நின்றது.

"வியாழக்கிழமை வந்து பாக்கறேன்," என்றார் கில்ஹூலி.

போனை வைத்துவிட்டு மாலக்கி திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார் அட்ராக்டா, மிக அன்பாக.

கடைசியில் அட்ராக்டா ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: மண்டபத்துக்குள் வந்துவிட்டால் இருபத்துநான்கு பேரும் அவர் சொன்னபடி கேட்க வேண்டும், மாலக்கி வாயைத் திறக்கக் கூடாது, இருமவும் கூடாது.

வியாழன் ஆறு மணிக்கு அட்ராக்டா அவர்களை மூன்று சதுரங்களாக நிறுத்தினார். பாதிப் பேருக்குப் பயிற்சிப் பனியனைக் கொடுத்து, "இதைப் போட்டவங்க பொண்ணுங்க" என்றார். ஜார்லத்துக்கும் ஒன்று கிடைத்தது. ஜார்லத் கோலுக்கு நேர் முன்னால் நிற்கிற முழுக் காவலர், மாட்டுப் பண்ணைக்காரன், ஆறடி நான்கு அங்குலம். கதவில் நுழையும்போது வெளிச்சம் குறையும்.

"நான் பொண்ணா?"

"ஏன், பொண்ணுன்னா கேவலமா?"

"இல்லீங்க. சுத்தும்போது என்னை யாரு தூக்குவாங்கன்னு கேட்டேன்."

அவனுக்கு ஜோடியாக நின்ற மூலை முன்னணி வீரன் டாரா, அறுபது கிலோகூட இருக்கமாட்டான், ஜார்லத்தின் இடுப்பைப் பார்த்துவிட்டு மேலே கூரையைப் பார்த்தான்.

கில்ஹூலி சரியாக ஆறரைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார். பாட்டு ஒலித்தது. இருபத்துநான்கு பேரும் முப்பது நிமிடத்தில் கற்றுக்கொண்டதை ஆடினார்கள். ஜன்னல்கள் அதிர்ந்தன. சுவரில் மாட்டியிருந்த முந்தைய பங்குத்தந்தையின் படம் கழன்று விழுந்தது. ஒரு சதுரம் மெல்ல நகர்ந்து சமையலறைக்குள் போய்விட்டது, அங்கிருந்தும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றதும் கில்ஹூலி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஆறு வருஷமா," என்றார், "ஆறு வருஷமா இந்த வட்டாரத்துலேர்ந்து செட் நடனத்துக்கு ஒரு அணிகூட வரல. ஒழுங்குக் குழு மட்டுமில்ல, கலைக் குழுவுக்கும் நான்தான் தலைவர். அந்த வேலையைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஆனா ஆட யாருமே வரமாட்டேங்கறாங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். எப்போதும் வைத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது, மடிப்பில் கிழிந்திருந்தது. "ஜனவரி நாலாம் தேதி முதல் சுற்று. வருவீங்கல்ல? வரலன்னா நான் மறுபடி அந்தப் பேப்பரைப் படிச்சுப் பாக்க வேண்டியிருக்கும்."

"வருவோம்," என்றார் மாலக்கி.

படிவத்தை இமெல்டா நிரப்பினார். எட்டு பேர் ஆட வேண்டும், இரண்டு பேர் மாற்று ஆட்கள். மாற்று ஆட்களாக மாலக்கி, அட்ராக்டா பெயர்களைப் போட்டார். பெரியவர்களை விட்டுவிட்டால் நன்றாயிருக்காது.

அன்றிலிருந்து மாலக்கியின் வாழ்க்கை தலைகீழாகிப் போனது. முதல் வாரம் ஒரு மணி நேரம் நடனம், ஒரு மணி நேரம் கால்பந்து என்று ஒப்பந்தம். இரண்டாம் வாரம் கால்பந்து அரை மணியாயிற்று. மூன்றாம் வாரம் டாரா ஐந்து நிமிடம் தாமதமாக வந்தான். அட்ராக்டா கதவைச் சாத்திவிட்டார். அவன் மழையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்து அடிகளைப் படித்துக்கொண்டான். மாலக்கிக்கு அது பெரிய அதிர்ச்சி. அவர் பயிற்சிக்கு டாரா மூன்று வருடமாகத் தாமதமாகத்தான் வந்தான், ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் கால்மணி நேரம் முன்னாலேயே வந்து, தலைவாரி நின்றார்கள்.

"இன்னிக்கு கால்பந்து இருக்கா, மாலக்கி?" என்று ஜார்லத் கேட்டான்.

"ஏன், ஆடணும்போல இருக்கா?"

"இல்ல, இல்லன்னா நல்லதுன்னு கேட்டேன். நாலாவது பகுதியில எனக்குத் திரும்பறது சரியா வரல. அட்ராக்டா பாத்தா வருத்தப்படுவாங்க."

முதல் சுற்றுக்கு முந்தின நாள் மாலக்கி எட்டு பேரையும் தனியே கூப்பிட்டார். தோற்றுவிட வேண்டும், தோற்றால் கில்ஹூலிக்கும் திருப்தி, நமக்கும் கால்பந்து மிஞ்சும் என்று விளக்கினார். எட்டு வருடத்தில் அவர் தந்த உத்தரவுகளிலேயே அவர்களுக்கு மிகவும் பழக்கமான காரியம் அதுதான். ஆனால் எட்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அட்ராக்டாகிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்றான் டாரா.

ஆனாலும் ஜார்லத் சொல் தட்டாதவன். மறுநாள் மேடையில் இரண்டாம் பகுதியில் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தான். டாராவையும் இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு விழுந்து, உருண்டு, வெட்கம் தாங்காமல் அதே வேகத்தில் எழுந்து தாளம் தப்பாமல் தொடர்ந்தான். மேற்குக் கடற்கரையிலிருந்து வந்திருந்த நடுவர் அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். 'என் தாத்தா காலத்துக்குப் பிறகு இந்தப் பாணியை யாரும் ஆடிப் பார்த்ததில்லை' என்று குறிப்பெழுதி, முதல் பரிசு கொடுத்தார்.

மாவட்ட இறுதிப்போட்டி ஜனவரி பதினெட்டு, ஞாயிறு மதியம். மண்டபத்தில் இருநூறு பேர். மேடை ஏற இருபது நிமிடம் இருக்கும்போது மாலக்கியின் கைப்பேசி அடித்தது.

"மாலக்கி, நான் ஜார்லத். மாடு கன்னு போடுது. கன்னு குறுக்க நிக்குது. டாரா கயித்தைப் பிடிச்சிருக்கான்."

"டாராவுமா? ரெண்டு பேருமா?"

"ஒருத்தரால இழுக்க முடியாதுங்க. கால் ரெண்டும் வெளிய வந்துடுச்சு. கன்னோடது. அட்ராக்டாகிட்ட என்னை மன்னிச்சுக்கச் சொல்லுங்க. நாலாவது பகுதியை நேத்துதான் சரியாப் பிடிச்சேன்."

மாலக்கி கைப்பேசியைக் கீழே இறக்கியபோது கில்ஹூலி படிவத்தோடு எதிரில் நின்றார். "படிவத்துல பேர் இருக்கறவங்கதான் ஆடலாம். ரெண்டு மாற்று ஆள் இருக்காங்களே. ரெண்டு பேரும் இங்கதான் நிக்கறாங்க." பிறகு மெல்ல, "பின்வாங்கிட மாட்டீங்களே, மாலக்கி? நான் அந்தப் பேப்பரை இன்னும் தூக்கிப் போடல."

அட்ராக்டா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே ஆடுகிற உடைதான் போட்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் வருவாரா, இன்றுமட்டுமா என்று மாலக்கி கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அட்ராக்டா."

"ஏழு வாரமா சுவத்தோரம் நின்னு பாத்திருக்க. கால் மட்டும் என்னோட வரட்டும், மத்ததை நான் பாத்துக்கறேன். மூச்சை விடு. சிரி. இது சிரிப்பில்ல, பல்லுவலி. சரி, இருக்கட்டும்."

அக்கார்டியன் தொடங்கியது. அட்ராக்டா அவர் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்திய பக்கம் மாலக்கி போனார். இடது, இடது, சுற்று, நில். முதல் பகுதி எப்படி முடிந்ததென்று தெரியவில்லை. இரண்டாம் பகுதியில், இந்தக் கையைத்தான் தினமும் தேநீர்க் கோப்பையோடு பார்க்கிறோம், இவ்வளவு பலம் இருக்கிறதே என்று தோன்றியது. அட்ராக்டாவின் முடியில் வீட்டு சோப்பின் வாசனை. அறுபத்தொரு வயதில், இருநூறு பேர் முன்னால், தம் மனைவியை இடுப்பில் பிடித்துச் சுற்றிக்கொண்டு, கால்பந்தில் ஒருநாளும் வராத ஒரு சுகம் மாலக்கிக்கு வந்தது. பயந்துவிட்டார்.

"நல்லாருக்கு," என்றார் அட்ராக்டா காதருகில். "இதை முன்னாடியே பண்ணித் தொலைச்சிருக்கலாம்."

மூன்றாம் பகுதியில் எதிரெதிர் ஆண்கள் மையத்தில் கடந்துபோய்த் திரும்ப வேண்டும். மாலக்கிக்கு எதிரே நின்றவன் அணியின் கோல்காப்பாளன். அவன் வேகமாக ஓடி வந்து, மாலக்கியின் வலது தோளை உரசிக் கடந்தான்.

பத்தொன்பது வருடம் உடம்பில் சும்மா கிடக்குமா? வலது தோளை ஒருவன் கடந்ததும் மாலக்கியின் கால்கள் அவரைக் கேட்காமலே திரும்பின. கோல்காப்பாளன் பின்னாலேயே போனார். அவன் சுற்றினால் சுற்றினார், நின்றால் நின்றார். ஒரு கையை அவன் மார்புக்குக் குறுக்கே போட்டு, மறு கையால் அவன் சட்டையை, நடுவர் பார்க்காத பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"மாலக்கி, விடுங்க! நான் உங்க ஆளு!"

மாலக்கிக்குக் கேட்கவில்லை. பதினாறு தாளத்துக்கு மாவட்டத்தின் மிகச் சிறந்த நடன ஆசிரியை மேடையில் காற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். பிறகு தாளம் தவறாமல் நான்கே அடியில் வந்து, புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்து, சுழற்றித் தம் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றார்கள்.

அதுதான் மாலக்கிக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் தேநீர் அறையின் மூலையில் உட்கார்ந்தபோது கால்பந்து இறுதியாட்டம் தோற்ற மாதிரி இருந்தது. கில்ஹூலி இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"முதல் நாளே கூம்புகளைப் பாத்தேன், மாலக்கி. நடனத்துக்கு யாரு கூம்பு வைப்பா? ஆனா நீங்க ஆடினீங்க. ஆடறவரைக்கும் நடனம்னே நம்பிட்டுப் போகலாம்னு இருந்தேன்." தேநீரை ஊதினார். "இன்னிக்கு இருநூறு பேர் முன்னாடி ஒரு மூலைக் காவலரைப் பாத்துட்டேன். அதுவும் சட்டையைப் பிடிச்சு. நான் ஒழுங்குக் குழுத் தலைவரும்தானே. எப்படிக் கண்ணை மூடறது? நீங்களே சொல்லுங்க."

"மூட முடியாது," என்றார் மாலக்கி. நியாயமான ஆள்.

"ஒரு வருஷம்."

"ஒரு வருஷம்."

"பெர்னியோட முட்டை சாண்ட்விச் ஒண்ணு எடுத்துக்குங்க," என்றார் கில்ஹூலி, உண்மையான துக்கத்தோடு.

புதன்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. அடுத்த பயிற்சியாளர் யார் என்று கிளப் தலைவர் கேட்டார். ஜார்லத் எழுந்து அட்ராக்டாவின் பெயரைச் சொன்னான். இருபத்துநான்கு கைகள் சேர்ந்து, ஒரே தாளத்தில், உயர்ந்தன.

"எனக்குக் கால்பந்தைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்றார் அட்ராக்டா.

"இத்தனை நாள் தெரிஞ்சவர்தானே பாத்துக்கிட்டாரு," என்றான் டாரா. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் மாலக்கிக்கு வலித்தது. அவர் எழுந்து வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மஞ்சள் பனியனை எடுத்தார். இஸ்திரி போட்டார். மடித்தார். மடிப்பு சரியில்லையென்று பிரித்து மறுபடி மடித்தார். அட்ராக்டா போட்டுப் பார்த்தபோது முழங்கால்வரை தொங்கியது. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு பக்கத் தையலை மாலக்கிதான் குறித்துக் கொடுத்தார்.

"கோவமா?"

"இல்ல." குண்டூசிகளை எடுத்தார். "ஆமா."

"வேண்டாம்னு சொல்லிடட்டுமா? இப்பவே போன் பண்றேன். நீ சொல்லு."

மாலக்கி அவரைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். தோள் சரியாக இருந்தது.

"அந்த டாராவை முன்னணியில போடாத," என்றார். "நடுவுல போடு. மூணு வருஷமா தோணிட்டே இருக்கு, சொன்னா எவனும் கேக்கல. நீ சொன்னா கேப்பான்."

"சரி."

"தடை கால்பந்துக்கு மட்டும்தானே?"

"கில்ஹூலி அப்படித்தான் சொன்னாரு. நடனத்துக்கு அடுத்த வருஷப் படிவத்தை இப்பவே குடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்ப செவ்வாய்க்கிழமை நான் மண்டபத்துக்கு வரலாமா?"

அட்ராக்டா கண்ணாடியில் தம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரலாம். ஆனா என்கூட நிக்க முடியாது. நான் சொல்லிக்குடுக்கணும்ல. காலியா இருக்கிற இடத்துல நில்லு."

செவ்வாய்க்கிழமை கால்மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார் மாலக்கி. காலியாக இருந்த ஒரே இடம் பனியன் போட்டவர்கள் வரிசையில், ஜார்லத்துக்கு எதிரே. ஜார்லத்துக்கு இந்த முறை பதவி உயர்வு கிடைத்திருந்தது, அவன் ஆண். தன் பெரிய கையை மாலக்கியின் இடுப்பில் மரியாதையாக வைத்தான்.

"பயப்படாதீங்க, மாலக்கி. நான் தூக்கிடுவேன்."